கழுத்துப் பாடம்

பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் திறக்கிறார்களாம். அதில் டீச்சர் படம் மாட்டப் போகிறார்களாம். படத்துக்குக் கீழே 'அன்பே உருவானவர்' என்று எழுதலாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறீர்கள். ஓசூர்க்காரி கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறாள். பெங்களூர்க்காரி ரோஜாப்பூ. திருப்பூர்க்காரி, 'அந்தப் புன்னகையை மறக்க முடியுமா' என்று உருகியிருக்கிறாள்.

எந்தப் புன்னகையடி?

உங்களுக்கு அவள் டீச்சர். எனக்கு ஆயா, அப்பாவைப் பெற்றவள். அவள் பாயில் அவளோடு படுத்து வளர்ந்தவள் சொல்கிறேன்: அந்த மழைக்காலத்தில் அவள் சிரிக்கவே இல்லை. நம் பின்னங்கழுத்தைப் பிடித்துக் கிணற்றில் தள்ளினாள். மூக்கில் ஏறிய தண்ணீர் மண்டைக்குள் மிளகாயாய் எரிந்ததும், தொண்டையில் பாசி நாறியதும், கரையில் அவள் ஊதிய விசில் தண்ணீருக்கடியில் கொசுவின் பாட்டாய்க் கேட்டதும் உங்களுக்கு மறந்துவிட்டதா? ஐம்பதைத் தொடப் போகிறோம். இனியாவது அவளை அவளாக நினைத்துப் பார்ப்போம்.

முன்பே அவள் சாதுவல்ல. பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளையைத் தக்காளிக் காட்டுக்கே போய்க் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். ஆறாவது போகவேண்டியவளுக்கு நிச்சயம் செய்த வீட்டில் நுழைந்து தாம்பூலத் தட்டைக் காலால் எத்தினாள். வெற்றிலை ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம் உருண்டது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தராசுத் தட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். இண்டூரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் பெண் கூட்டத்தைப் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரைப் பார்த்து, "ஒருத்தி எறங்கறதுக்கு முன்னாடி விசில் ஊதுன, ஒன் பல்லு இருக்காது" என்று சொல்லி அனுப்பியவள் அவள். அந்தக் கோபத்தில் ஊருக்கே ஒரு பாதுகாப்பு இருந்தது. எங்கள் வீட்டுக்குள் மட்டும் அது வேலை செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

*

சித்திரைக் கடைசி. வீடு முழுக்க மாம்பழ வாசம். அத்தை வந்தாள். ஆயாவின் ஒரே மகள். பாலக்கோட்டுப் பக்கம், தக்காளி போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். முக்காட்டை எடுத்ததும் நான் பார்த்தேன். நெற்றிக்கு மேலே ஒரு பிடி முடி இல்லை. வேரோடு பிடுங்கிய இடம். தோல் பளபளத்தது, எறும்பு மொய்த்தாற்போல ரத்தப் புள்ளிகள்.

ஆயா தேங்காயெண்ணெய் எடுத்தாள். மீதி முடியை இழுத்து, அந்த இடம் மூடும்படி அழுத்திப் பின்னினாள். மேலே கனகாம்பரம் வைத்தாள். நான் பார்த்ததிலேயே அழகான பின்னல் அது.

"படிச்ச பொண்ணு நீ. பக்குவமா நடந்துக்க. எல்லா வூட்லயும் இருக்கறதுதான்."

"கிணத்து மேட்டுல நிக்க வெச்சுத்தாம்மா அடிக்கிறாரு."

"அப்ப கிணத்துப் பக்கம் போவாத."

சொல்லிவிட்டு அவளே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டு வந்தாள். ஊரார் பெண்களுக்காகத் தட்டை எத்திய கால், சொந்த மகளை மட்டும் பஸ் படியில் ஏற்றி விட்டது. சம்பந்தி வீட்டு மரியாதை. டீச்சர் மகள் வாழாவெட்டி என்ற பேச்சு வரக்கூடாது. இன்று எனக்கு அது தெரிகிறது. அன்று கனகாம்பரம்தான் தெரிந்தது.

ஆனியில் ஆள் வந்து சொன்னான். தண்ணீர் சேந்தப் போனவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாளாம்.

கயிற்றுக் கட்டிலில் போட்டிருந்தார்கள். ஈர முடி கட்டிலுக்குக் கீழே தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயா மகளின் தலையை மடியில் வைத்து வகிடு வகிடாக முடியை விலக்கிப் பார்த்தாள். பிடுங்கிய இடங்கள் கூடியிருந்தன. போலீஸ் வந்தது, டீ குடித்தது, போனது. பெரிய மனிதர்கள் அப்பாவின் தோளைத் தட்டினார்கள். "போனவ போயிட்டா. கேசு கீசுன்னு அலைஞ்சா ஒன் பொண்ண நாளைக்கு எவன் கட்டுவான்?" அவர்கள் சொன்ன அந்தப் பொண்ணு நான். பாவாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கிணற்றில் ஆள் செத்தால் கிணற்றைக் கழுவும் வழக்கம் நம் ஊரிலும் உண்டு. அங்கேயும் அதைச் செய்தார்கள். மோட்டார் போட்டு அடிச்சேறு தெரியும்வரை இறைத்தார்கள். கோழி அறுத்து ரத்தத்தைப் படியில் விட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சூடம் காட்டி, "இனி குத்தமில்ல" என்றார் பூசாரி. இறைத்த தண்ணீர் எங்கே போகும்? வாய்க்கால் வழியாகத் தக்காளிப் பாத்திக்குப் போனது. என் அத்தையைக் குடித்த தண்ணீரை அந்தச் செடிகள் குடித்தன. ஆயா வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எங்கள் வீட்டு ரசத்தில் தக்காளி விழுந்ததே இல்லை. வெறும் புளிதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். என்னிடமா, கம்பியிடமா, தெரியவில்லை.

"பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லிக் குடுத்தேன். ஒண்ணும் மெதக்கல."

*

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கிணறு, பூமியின் வயிற்றில் சதுரமாய் வெட்டிய அந்தக் கல் கிணறு, படி படியாய் நிறைந்து மேலே வந்தது. ஆயாவுக்கு நீச்சல் தெரியாது. இது உங்களில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது. எருமை மேய்க்கிற பையன்கள் குதித்து விளையாடுவதைக் கரையில் நின்று உற்றுப் பார்ப்பாள். அவர்கள் கை போடுகிற மாதிரியே காற்றில் கை போட்டுப் பார்ப்பாள். பார்த்தவர்கள், மகள் போன துக்கத்தில் டீச்சருக்கு மண்டை கலங்கிவிட்டது என்றார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்து விசிலோடும் தாம்புக்கயிறோடும் நம்மை ஓட்டிக்கொண்டு வந்தாள். மிதப்பதற்கு நம் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை. இடுப்பில் கயிறு. கழுத்தில் ஒரு தள்ளு.

உங்கள் அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்களே. "டீச்சரம்மா, வயசுக்கு வரப்போற புள்ளைங்க. இப்படி நனைய வுடறீங்களே!"

"நனைஞ்சா காயும். நீங்க போயி அடுப்பப் பாருங்க."

மிதக்கக் கற்றவர்களுக்கு அடுத்த பாடம். அதற்கு அவள் பேர் வைக்கவில்லை. நாம்தான் கழுத்துப் பாடம் என்றோம். ஒருத்தி பின்னாலிருந்து இன்னொருத்தியின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிபட்டவள் விடுவித்துக்கொண்டு வர வேண்டும். சும்மா பிடித்தால் புளியம்விளார் அடி.

"தாடைய நெஞ்சோட ஒட்டு! வெரல மடக்கி ஒடி! கடி, நல்லாக் கடி! மேல வராதடி, கீழ போ! கீழ போனாத்தான் பிடி நழுவும்!"

கடித்தோம். உதைத்தோம். ரத்தம் தண்ணீரில் நூலாய் இழுபட்டுக் கரைந்தது. திருப்பூர்க்காரி, உன் முன்பல் ஒன்று இன்னும் அந்தக் கிணற்றின் அடியில்தான் கிடக்கிறது. அதை நினைத்துக்கொண்டு புன்னகையைப் பற்றி எழுது.

*

மாமா, அத்தையின் புருஷன், ஆவணியிலேயே இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டிருந்தார். ஐப்பசியில் அவர் அம்மா அந்தப் புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

நம் பக்கத்து முறை உங்களுக்குத் தெரியும். இரண்டாம் தாரமாக வருகிறவள் செத்துப்போன மூத்தவளின் தாய்வீட்டுக்குப் போக வேண்டும். அந்தத் தாயின் கையால் புடவை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டால் அவளும் அந்த வீட்டு மகள். வாங்காவிட்டால் மூத்தவள் விடமாட்டாள் என்பது நம்பிக்கை.

"சம்மந்தியம்மா, இந்தப் புள்ளைக்குச் சாயங்காலமானா காய்ச்சல் காயுதுங்க. மூத்தவ புடவ வாங்கலன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. மனசு வெச்சு..."

அப்பா உள்ளேயிருந்து அரிவாளோடு வந்தார். அத்தை போனதிலிருந்து அந்த அரிவாளைத் தீட்டிக்கொண்டேதான் இருந்தார்; தீட்டித் தீட்டி அது பிறை போல மெலிந்திருந்தது. "கொன்னவன் பொண்டாட்டிக்குப் புடவையா? வாசப்படிய மிதிச்சா ரெண்டு பேரையும் வெட்டி இங்கயே பொதச்சிருவேன்."

"அருவாள வெச்சுட்டுத் தண்ணி கொண்டாடா," என்றாள் ஆயா.

புதுப்பெண் கண்ணை நிமிர்த்தவில்லை. நம் அக்காக்கள் வயதுதான் இருக்கும். ஆயா அவள் முகவாயைத் தூக்கினாள். தலையைத் திருப்பி, பேன் பார்க்கிற மாதிரி வகிடு வகிடாய் விலக்கிப் பார்த்தாள். முடி அடர்த்தியாய் இருந்தது.

"இன்னும் ஆரம்பிக்கல," என்றாள்.

பெட்டியைத் திறந்து அத்தையின் பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு சம்பந்தியம்மாளைப் பார்த்து, "புடவ வாங்குனவ தாய்வூட்ல அமாவாச வரைக்கும் இருந்துட்டுத்தான் போவணும். அதானே மொறை?" என்று கேட்டாள். முறையைச் சொல்லிக்கொண்டு வந்தவளால் முறையை மறுக்க முடியவில்லை. தனியாகப் பஸ் ஏறிப் போனாள்.

அப்பா சோற்றுக் குண்டானைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பருக்கைகள் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டன. "பெத்த பொண்ணக் கொன்னவன் வூட்டுக்காரிக்குச் சோறு போடற. நீயெல்லாம் ஒரு ஆத்தாளா?"

"நீ அவன வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிருவ. இல்லன்னா இவள அவன்கிட்ட அனுப்பிட்டுச் சும்மா இருக்கச் சொல்ற. இவ செத்தா இன்னொருத்தி வருவா. அவளுக்கும் காய்ச்சல் வரும். நான் எத்தன புடவடா எடுத்துக் குடுக்கறது?"

அப்பா அதற்குமேல் அவளோடு பேசவில்லை.

மறுநாளே புதுப்பெண்ணுக்கு என் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக் கிணற்றுக்கு இழுத்து வந்தாள். தண்ணீரைக் கண்டாலே அவளுக்குக் கைகால் விறைத்தது. "என்ன வுட்ருங்கம்மா, நான் பொழச்சுக்கறேன், வுட்ருங்க" என்று படிக்கல்லைக் கட்டிக்கொண்டாள். ஆயா அவள் விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்துத் தள்ளினாள். அவள் முங்கினாள், ஆயா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். மறுபடி தள்ளினாள். நிலா தேய்ந்துகொண்டே வந்தது. அது முழுசாய்த் தேய்வதற்குள் இவள் மிதக்க வேண்டும். தேய்ந்ததும் அந்த வீட்டுக்கு, அந்தக் கிணற்றுக்குப் போயாக வேண்டும். சின்னப் பெண்கள் நமக்கே அது புரிந்திருந்தது. அதனால்தான் நாம் அவளைக் கேலி செய்யவில்லை. மாறி மாறி அவள் கழுத்தைப் பிடித்தோம். ஒரு மத்தியானம் அவள் ஓசூர்க்காரியின் கையைக் கடித்த கடியில் சதை பெயர்ந்தது. ஆயா விசிலை எடுத்துவிட்டு, "ம்" என்றாள். அவளிடமிருந்து வந்த ஒரே பாராட்டு.

*

அமாவாசைக்கு முந்தின நாள் மாமா வந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் கிணற்று மேட்டுக்கே வந்து நின்றது.

நாமெல்லாம் தண்ணீரில். புதுப்பெண் கடைசிப் படிக்கல்லில் ஏறிச் சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். மாமா பார்த்தார். ஆம்பளைச் சட்டை, நனைந்த உடம்பு, சுற்றிலும் பிள்ளைகள், வேலியோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள்.

"தேவடியா மாதிரி நிக்கற! இதுக்குத்தான் இங்க வந்தியா?"

நீட்டிக்கொண்டிருந்த படிக்கற்களில் தடதடவென்று இறங்கி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தார். கன்னத்தில் அறைந்த சத்தம் நான்கு சுவரிலும் மோதித் திரும்பித் திரும்பி வந்தது. "கிணத்துலதான் கெடக்கணுமா? கெடடி!" முடியைப் பிடித்த கை அப்படியே பின்னுக்கு வளைந்து, மறுகை மார்பில் ஊன்றி, ஒரே தள்ளு.

அந்தக் கைகள் தடுமாறவே இல்லை. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே ஊன்ற வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கரையில் நின்ற ஆயாவைப் பார்த்தேன். அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுப்பெண் முங்கினாள். மேலே வந்தாள். தண்ணீரைத் துப்பிவிட்டு, கை போட்டு, அவர் கைக்கு எட்டாமல் விலகி மிதந்தாள்.

மாமாவுக்கு அது புரியவில்லை. தள்ளினால் திரும்பி வராது என்று நினைத்திருந்த ஒன்று, எதிரே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "ஏய்!" என்று எட்டி ஒரு அடி வைத்தார். பாசிக் கல். செருப்பு வழுக்கி, அவர் தலைகீழாய் விழுந்தார்.

மோட்டார் பட்டனைத் தவிரத் தண்ணீரோடு பழக்கமில்லாத மனிதர். கையில் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது அவள் கழுத்து. இரண்டு பேரும் உள்ளே போனார்கள். தண்ணீர் கொப்புளித்தது.

"கீழ போடி! கீழ போ! கடி!" ஆயாவின் தொண்டை கிழிந்தது.

கீழேதான் போனாள். நாம் தண்ணீரில் மிதந்தபடி அந்தக் குமிழிகளைப் பார்த்தோம். ரத்தம் நூலாய் வந்தது. யாருடையது? பிறகு சுவரோரத்தில் ஒரு தலை எழும்பியது. புதுப்பெண். படிக்கல்லைப் பிடித்தாள். வாயைத் துப்பினாள். சிவப்பு.

நடுக்கிணற்றில் மாமா எழும்பினார், முங்கினார், எழும்பினார். ஆயாவின் கையில் தாம்புக்கயிறு. அவள் போடவில்லை.

"எம்பொண்ணு தவறி வுழுந்தாளா?"

"கயிறு... கயி..."

"தவறி வுழுந்தாளா? சொல்லு."

வகுப்பில் கேட்கிற அதே குரல். தெரியாதவன் நிற்க, தெரிந்தவன் சொல்ல. அவர் வாயைத் திறந்தபோது பதிலுக்குப் பதிலாகக் கிணறுதான் உள்ளே போனது.

அதற்குள் அப்பா ஓடி வந்தார், கையில் அந்தப் பிறை அரிவாளோடு. கிணற்றைப் பார்த்தார். ஆயாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாட்கணக்கில் பேசாதவர் கெஞ்சினார். "போடாத ஆத்தா. கயித்தப் போடாத. நான் ஒண்ணும் பண்ணல, நீயும் ஒண்ணும் பண்ணல. அவனா வுழுந்தான். வுடு, போவட்டும்."

ஆயா மறுகையால் அவர் கன்னத்தில் அறைந்தாள்.

"இவன் செத்தா நாளைக்கே கிணத்தக் கழுவிருவானுங்கடா! கோழி அறுத்து, சூடங்காட்டி, குத்தமில்லம்பானுங்க. எம்பொண்ணையும் சேர்த்துக் கழுவிருவானுங்க. இவன் இருக்கணும். ஊரெல்லாம் பாக்க இருக்கணும்."

கயிறு விழுந்தது. வேலியோரத்துப் பெண்கள் ஓடி வந்து சேர்ந்து இழுத்தார்கள். மாமா கரையில் கவிழ்ந்து கிடந்து வாந்தி எடுத்தார். கையில் ஒரு விரல் பாதி தொங்கியது. அப்பா ஓங்கிய அரிவாளுக்கு எங்காவது போக வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளின் மேல் போனது. சீட்டை, டயரை, டேங்கை வெட்டினார், வெட்டினார், மூச்சிரைக்க வெட்டினார். ஈர மண்ணில் பெட்ரோல் ஓடியது. அந்த வாசமும் பாசி வாசமும் கலந்த ஒரு வாசம் இன்றைக்கும் எந்தப் பெட்ரோல் பங்கிலும் என் மூக்கில் ஏறுகிறது.

புதுப்பெண் திரும்பிப் போகவில்லை. அவளைப் பெற்றவர்கள் வந்து சமாதானம் பேசினார்கள். "புடவ வாங்கிக் கட்டிக்கிட்டவ. எம்பொண்ணு. முன்ன ஒருத்திய நானே பஸ் ஏத்தி வுட்டேன். இவள ஏத்த மாட்டேன்," என்றாள் ஆயா. அன்றிலிருந்து நாம் எல்லோரும் அவளைத்தான் அத்தை என்று கூப்பிடுகிறோம். இன்றும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். உங்கள் பெண்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

*

மறுவாரம் வகுப்பில் ஆயா வீட்டுப்பாடம் கொடுத்தாள். நினைவிருக்கிறதா? "அந்தாள எங்க பாத்தாலும் கேளுங்க. கல்லு எறியாதீங்க, திட்டாதீங்க. கேளுங்க, அவ்வளவுதான்."

கேட்டோம். பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து கேட்டோம். மாரியம்மன் பண்டிகையில் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டே கேட்டோம். கடத்தூர்ச் சந்தையில், கல்யாணப் பந்தியில் அவர் இலைக்கு எதிரே உட்கார்ந்து, பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் கூடைகளுக்கு நடுவே நின்று கேட்டோம். மரியாதையாகத்தான் கேட்டோம். "மாமா, எங்க அத்தை தவறியாங்க வுழுந்தாங்க?" மூன்றாவதாகப் பெண் கேட்டுப் போன இடங்களுக்கெல்லாம் அந்தக் கேள்வி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் பெண் கொடுக்கவில்லை. சட்டம் அவரை ஒன்றும் செய்யவில்லை. பாவாடை கட்டிய பிள்ளைகள் செய்தோம். பிறகு நாம் பெரியவர்களானோம், ஊர் ஊராய்ப் போனோம், கேட்க மறந்தோம். ஆயாவும் போய்விட்டாள். விசில் எங்கே போனதென்று தெரியவில்லை. சுரைக்குடுக்கைகளை எலி தின்றுவிட்டது.

போன மாதம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தடி ஊன்றிய கிழவர். தடியைப் பிடித்த கையில் ஒரு விரல் பாதிதான். பஸ் வர நேரமிருந்தது. நான் கேட்க நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன். என் முகத்தில் ஆயாவின் முகம் ஏறியிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். தடியைத் தட்டிக்கொண்டு கிட்டே வந்தார். கண் மஞ்சளாய்ப் பழுத்திருந்தது.

"இல்ல," என்றார்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"தவறி வுழல," என்றார். திரும்பிக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

பாட்டில் மூடி கையிலிருந்து உருண்டு ஓடியது. எடுக்கவில்லை. அங்கேயே நின்று அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்குப் பின்னால் கோழிகள் கத்துவது கேட்டது. அழுவாள் என்று நினைத்தேன். இல்லை, குரலைச் செருமிக்கொண்டாள்.

"குரூப்ல போடு," என்றாள். "போட்டுட்டுச் சொல்லு, கேக்கறத யாரும் நிறுத்திராதீங்கன்னு. அவன் ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கான். மத்தவளுங்க இன்னும் அவன் வாயால கேக்கலயே."